பெரம்பலூரிலிருந்து ஆயிரம் மைல்

இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் ஆயிரம் மைல், அதாவது 1,609 கிலோமீட்டர், மோட்டார் சைக்கிளில் போக வேண்டும். போனேன் என்று வாயால் சொன்னால் போதாது, ரசீது காட்டி நிரூபிக்க வேண்டும். நிரூபித்தவருக்கு அமெரிக்காவின் அயர்ன் பட் அசோசியேஷன் 'சேடில் சோர் 1000' என்ற சான்றிதழைத் தருகிறது. நம் நாட்டிலும் இதை வாங்கியவர்கள் இருக்கிறார்கள். இது பந்தயம் இல்லை. யார் முந்தினார் என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை. பெரம்பலூரிலும் அரியலூரிலும் பெரிய வண்டி வாங்கிய பிள்ளைகளுக்கு இந்த ஆசை வந்தால், வண்டியைத் துடைப்பதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்து உட்காரச் சொல்வேன்.

முதலில் வேகம். 1,609-ஐ 24-ஆல் வகுத்தால் மணிக்கு 67 கிலோமீட்டர். பெட்ரோல் போடுகிற நேரம், சாப்பிடுகிற நேரம் எல்லாம் இதற்குள் அடக்கம். 2018-இல் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கையின்படி, நடுவில் தடுப்பு வைத்த நான்கு வழிச்சாலையில் மோட்டார் சைக்கிளுக்கு உச்ச வேகம் 80. மற்ற சாலைகளில் 60. இந்த இரண்டு எண்களையும் அந்த 67-க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சாதாரணச் சாலையில் சட்டப்படி ஓட்டுகிறவர் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் பின்தங்கிக்கொண்டே இருப்பார். ஆகவே வழி முழுக்க நான்கு வழிச்சாலையாகவே இருந்தாக வேண்டும். 80-க்குள் அடங்காத திட்டத்தை நூறில் ஓட்டிச் சரிக்கட்டலாம் என்று நினைப்பவர் தயவுசெய்து கிளம்ப வேண்டாம்.

இந்த விஷயத்தில் பெரம்பலூருக்கு ஒரு பெரிய வசதி உண்டு. திருச்சி–சென்னை நான்கு வழிச்சாலை ஊரை ஒட்டியே போகிறது. தெற்கே திருச்சி, மதுரை, திருநெல்வேலி வழியாகக் கன்னியாகுமரி சுமார் 438 கிலோமீட்டர். வடக்கே விழுப்புரம், செங்கல்பட்டு தாண்டி, வண்டலூரில் வெளிவட்டச் சாலை பிடித்து, சென்னை நகருக்குள் நுழையாமல் கொல்கத்தா நெடுஞ்சாலையில் ஏறினால் ஆந்திராவின் கூடூர் சுமார் 405. இரண்டு பக்கமும் போய்த் திரும்பினால் ஏறத்தாழ 1,685 கிலோமீட்டர். வண்டியின் மீட்டர் கொஞ்சம் கூட்டிக் காட்டும், வரைபடம் கொஞ்சம் குறைத்துக் காட்டும். அதற்காகத்தான் அந்த எழுபத்தைந்து கிலோமீட்டர் உபரி.

சென்னை, பெங்களூரு, சேலம் என்று வட்டமடிக்கலாமே என்று கேட்பீர்கள். பார்க்க அழகான வழிதான். ஆனால் சேலத்திலிருந்து ஆத்தூர் வழியாகப் பெரம்பலூர் வந்து சேரும் கடைசிப் பகுதி நான்கு வழியாக இல்லை. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சரிபார்ப்பவர்கள் ஒரு ரசீதுக்கும் அடுத்த ரசீதுக்கும் இடையில் மிகக் குறுகிய வழியைத்தான் கணக்கில் எடுப்பார்கள். வட்டத்தில் ஒரு முனையில் ரசீது வாங்க மறந்தால், அந்த மூலையே கணக்கிலிருந்து அறுந்து போகும். நேர்வழியில் கூடூர், கன்னியாகுமரி என்று திரும்பும் முனைகள் இரண்டே.

ரசீதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சுங்கச்சாவடியில் நமக்குக் கட்டணம் இல்லை, ஆகவே அங்கே நாம் போன தடயமும் இல்லை. காருக்கு ஃபாஸ்டேக் சாட்சி சொல்லும். பைக்குக்கு பெட்ரோல் பங்க் ரசீதுதான் சாட்சி. தேதி, நேரம், ஊர்ப்பெயர் மூன்றும் அதில் இருக்க வேண்டும். பல பங்க்குகளில் கேட்டால்தான் பில் வரும். சில இடங்களில் அதில் அச்சாகும் நேரமே தப்பாக இருக்கும். வாங்கியவுடன் படித்துப் பாருங்கள். முதல் ரசீதின் நேரத்தில்தான் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. அரியலூர்க்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டும் ஏற்றிய லாரிகளுக்கு நடுவே இருட்டில் பெரம்பலூர் வருவதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். முந்தின நாள் பகலிலேயே வந்து, பெரம்பலூரில் தூங்கி எழுந்து, நெடுஞ்சாலையில் முதல் பில்லை வாங்குங்கள்.

புறப்பட நல்ல நேரம் அதிகாலை 2 மணி. வடக்கே முதலில். செங்கல்பட்டை 5 மணிக்குள் கடந்துவிடலாம்; விடிந்த பிறகு அந்தப் பக்கம் நெரிசல் கூடிவிடும். 8 மணிக்கு முன் கூடூர், பிற்பகல் ஒன்றரைக்குள் திரும்பவும் பெரம்பலூர், இரவு 8-க்கு முன் கன்னியாகுமரி. மறுநாள் 2 மணிக்குள் முடித்தால், தூக்கம் கண்ணை இழுக்கும் அந்த விடியற்காலை நேரத்தில் சாலையில் இருக்க மாட்டீர்கள். இதற்கு நிறுத்தங்களையும் சேர்த்து மணிக்கு 70 வர வேண்டும். 80-இல் சீராகப் போனாலும் வண்டி ஓடும் நேரம் மட்டும் 21 மணி. மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து மூன்று மணி நேரம். முந்தைய இரண்டு இரவும் நிறையத் தூங்கியிருக்க வேண்டும்.

மாதம் பார்ப்பதும் முக்கியம். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று பைக்கைப் பக்கவாட்டில் தள்ளும். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பது அதனால்தான். ஐப்பசி, கார்த்திகையில் மழை. சித்திரை வெயிலைச் சொல்லவே வேண்டாம். பொங்கல் கூட்டமும் தைப்பூசமும் கழிந்த பிறகு, மாசி மாதம் எனக்குச் சரியாகப் படுகிறது. திங்கள், வெள்ளியைத் தவிருங்கள். அந்த நாட்களில் நம் வழியிலுள்ள சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் நடை திறக்கும்; சாலையில் ஆள் நடமாட்டம் கூடும். சமயபுரத்துக்கு நடந்து போகிறவர்களும் இதே சாலை ஓரத்தில்தான் இருட்டில் போகிறார்கள். உங்கள் சான்றிதழுக்காக அவர்கள் ஒதுங்க வேண்டியதில்லை. வேகத்தைக் குறைக்க வேண்டியவர் நீங்கள்தான்.

இந்த வழியை நான் பரிந்துரைப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. பாதி தூரத்தில் அது உங்களை உங்கள் ஊருக்கே கொண்டுவந்து விடுகிறது. பிற்பகல் ஒன்றரை மணி தாண்டி வந்து சேர்ந்தாலோ, கண் எரிந்தாலோ, கழுத்து பிடித்துக்கொண்டாலோ, பெரம்பலூரிலேயே வண்டியை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுங்கள். விண்ணப்பமும் கட்டணமும் ஓட்டி முடித்த பிறகுதான். பாதியில் விட்டால் உங்களுக்கு நஷ்டம் அன்றைய பெட்ரோல் காசு மட்டும். இன்னொரு மாசியில் இதே தாளை எடுத்துக்கொண்டு மறுபடி புறப்படலாம்.