விளையாட்டு அறிவியலும் நம் பிள்ளைகளும்



பழனிக்கு அருகிலுள்ள ஐவர்மலையில், சக ஆண்டு 792இல் சாந்திவீரக் குரவர் பார்சுவநாதர் திருமேனியைப் புதுப்பித்ததைக் கல்வெட்டு உரைக்கிறது. உடலை அடக்கியாளக் கற்றோர் வாழ்ந்த மலை அது. உடலை அறிந்து ஆள்வதே விளையாட்டு அறிவியலின் நோக்கமும் ஆகும்.

கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. 1968இல் ஒலிம்பிக் நடந்த மெக்சிகோ நகரின் உயரம் 2,240 மீட்டர். மெல்லிய காற்றில் நெடுந்தொலைவு ஓடியோர் அங்கே மூச்சுக்குத் திணறினர். எனினும் அத்தகைய உயரத்தில் சில வாரங்கள் தங்கிப் பயின்றால் குருதியில் சிவப்பணுக்கள் பெருகும். கொடைக்கானல் ஏரியைச் சுற்றி ஓடும் இளைஞனுக்குப் பயிற்சியையும் ஓய்வையும் அளந்து கூறுவது இக்கல்வி கற்றோர் பணி.

“இதைப் படித்தால் பள்ளியில் விசில் ஊதும் வேலைதானே?” என்று பெற்றோர் கேட்கின்றனர். உடற்கல்வி ஆசிரியப் பணி இழிந்ததன்று, அதுவே முடிவுமன்று. அணிகளிலும் பயிற்சிக் கழகங்களிலும் உடற்றகுதி, உடலியக்கம், உணவு ஆகியவற்றை ஆராயும் பணிகள் உள்ளன. இடங்கள் சிலவே, முதுகலையும் களப்பயிற்சியும் தேவை. இயன்முறை மருத்துவம் தனிப்பட்டம் என்பதையும் அறிந்து சேர்தல் நன்று. 2004ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இத்துறைக்கெனவே உள்ளது.

கதிரவன் மறையுமுன் உண்ணும் நம் பிள்ளை, மாலைப் பயிற்சி முடித்துப் பசியோடு உறங்குகிறான். நாளடைவில் விரதத்தையோ விளையாட்டையோ கைவிடுகிறான். பயிற்சியைக் காலைக்கு மாற்றி, பருப்பையும் பாலையும் பகற்பொழுதிலேயே பகிர்ந்து உண்ணச் சொல்ல, நம் நெறி அறிந்த வல்லுநர் வேண்டும். அவர் நம் இல்லத்துப் பெண்ணாகவே இருக்கட்டும். விரும்பிக் கேட்கும் பிள்ளையைத் தடுக்காதீர்கள்.