தேதி முடிவதற்குள்

(ஆம்பூர் வட்டார ஆசிரியர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளுக்கு என்னென்ன உதவிகள் உண்டு என்பதை நம் சிறப்புப் பயிற்றுநர்கள் ஒவ்வோர் ஆண்டும் சொல்லி வருகிறார்கள். அதை நான் மறுபடி ஒப்பிக்கப் போவதில்லை. கிடைத்துக்கொண்டிருந்த உதவி ஏன் நடுவில் நின்றுபோகிறது என்பதைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

எங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்ந்த ஒரு மாணவி அறிவுசார் குறைபாடு உடையவள். மாதம் 2000 ரூபாய் வந்துகொண்டிருந்த பராமரிப்பு உதவித்தொகை நின்றுவிட்டது. அவளுடைய அம்மா ஷூ கம்பெனியில் தையல் வேலை செய்கிறார். "கவர்மெண்டுலயே நிறுத்திட்டாங்க போல டீச்சர்" என்றார். போய் விசாரிக்கவில்லை. போனால் ஒருநாள் சம்பளம் போய்விடும். யாரிடம் கேட்பது என்றும் தெரியாது. சான்றிதழைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன். எந்தத் தேதி வரை செல்லும் என்று அதிலேயே எழுதியிருந்தது. அந்தத் தேதி முடிந்து ஏழு மாதம் ஆகியிருந்தது.

பெற்றோர் பலரும் சான்றிதழை ஒருமுறை வாங்கினால் போதும் என்று நினைக்கிறார்கள். பாவம், அதற்கே இரண்டு மூன்று நாள் அலைந்திருப்பார்கள். ஆனால் குழந்தைகளுக்குத் தரப்படும் சான்றிதழ்களில் பல தற்காலிகமானவை. 2018-ல் மத்திய அரசு வெளியிட்ட மதிப்பீட்டு நெறிமுறைப்படி, அறிவுசார் குறைபாட்டுச் சான்றிதழை 5, 10, 18 ஆகிய வயதுகளில் புதுப்பிக்க வேண்டும். 18 வயதில் தருவதுதான் ஆயுள் முழுக்கச் செல்லும். கற்றல் குறைபாடு என்றால் 8 வயதில் முதல் சான்றிதழ், பிறகு 14, 18.

இந்த வயதுகளைக் கொஞ்சம் கவனியுங்கள். ஐந்து வயதில் குழந்தை ஒன்றாம் வகுப்புக்கு வருகிறது. பத்து வயதில் தொடக்கப்பள்ளியை விட்டு வேறு பள்ளிக்குப் போகிறது. பதினான்கில் ஒன்பதாம் வகுப்பு, அடுத்த ஆண்டு பொதுத்தேர்வு. பதினெட்டில் பிளஸ் டூ முடிகிறது. இதில் ஒவ்வொரு முறையும் அந்தக் குழந்தை நம்மில் யாரோ ஒருவருடைய வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறது. பிறந்த தேதி எமிஸில் இருக்கிறது. அந்தத் தாய்க்கு நினைவூட்ட நம்மைவிட வசதியான இடத்தில் வேறு யாரும் இல்லை.

ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பத்தாம் வகுப்புத் தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகளுக்கு மருத்துவச் சான்று வேண்டும். பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு சமயத்தில் ஓடினால் மருத்துவர் நாள் கிடைப்பது கஷ்டம். கற்றல் குறைபாடு 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7 வகைகளில் கிடையாது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளாக விரித்தபோதுதான் வந்தது. அதனால் அதற்குச் சான்றிதழ் உண்டு என்பதே பல பெற்றோருக்குத் தெரியாது. நம்மில் சிலருக்கும்தான்.

அடுத்தது ஆதார். 5 வயதிலும் 15 வயதிலும் கைரேகையையும் கருவிழியையும் புதுப்பிக்க வேண்டும். விட்டுவிட்டால் வங்கிக் கணக்கிலோ யூடிஐடி அட்டையிலோ ரேகை பொருந்தாமல் நிற்கும்.

நம் பகுதிக்கே உரிய சிக்கல் பெயர். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டில் உருது பேசும் வீடுகள் நிறைய. ஒரே பிள்ளையின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி, நம் சேர்க்கைப் பதிவேட்டில் மூன்றாவது மாதிரி இருக்கும். தமிழ் வீடுகளில் இனிஷியல் இதே வேலையைச் செய்கிறது. யூடிஐடிக்கு விண்ணப்பிக்கும் முன்பே எல்லாவற்றையும் ஆதாரோடு ஒத்துப்பார்த்துவிடுங்கள். சேர்க்கையின்போது நாம் காதில் விழுந்தபடி எழுதும் பெயர் பத்து வருடம் கழித்து ஒரு குடும்பத்தை அலைக்கழிக்கும்.

பெரிய மருத்துவமனைக் கோப்பைச் சான்றிதழ் என்று நினைப்பவர்களும் உண்டு. வேலூர் பக்கத்தில் இருப்பதால் நமக்கு அது இயல்பு. விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த பிறகும் சக்கர நாற்காலியில் இருந்தபடி அறுவை சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸ் மறுவாழ்வு மருத்துவத்தை வளர்த்த ஊர் அது. அங்கே வாங்கிய கோப்பு மருத்துவக் குழுவின் முன் மிகவும் உதவும், பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். ஆனால் உதவித்தொகைக்கு அரசு அறிவித்த மருத்துவ அதிகாரி தரும் சான்றிதழும் அட்டையும்தான் செல்லும். விண்ணப்பித்துவிட்டுப் பரிசோதனைக்குப் போகாமல் இரண்டு ஆண்டுகள் கடந்தால், 2024-ல் திருத்திய விதிப்படி, முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும்.

2019 நவம்பரில் திருப்பத்தூர் தனி மாவட்டமானது. இன்னும் சில வீடுகளில் பழைய வேலூர் மாவட்ட முகவரியோடு காகிதம் கிடக்கிறது. அவர்களை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு அனுப்பும்போது திருப்பத்தூர் என்று தெளிவாகச் சொல்லி அனுப்புங்கள். தவறான பஸ் ஏறினால் அன்றைய கூலியும் போய்விடும்.

தோல் கம்பெனியிலும் ஷூ கம்பெனியிலும் வேலை செய்யும் பெற்றோரிடம் சம்பளச் சீட்டைக் கேளுங்கள். ஈஎஸ்ஐ பிடித்தால், அவர்களின் வருமானத்தையே முழுக்க நம்பியிருக்கும் மாற்றுத்திறன் பிள்ளைக்கு வயது வரம்பு இல்லாமல் மருத்துவ வசதி உண்டு. மற்றப் பிள்ளைகளுக்கு இருக்கும் வயதுக் கணக்கு இதற்குப் பொருந்தாது. பிஎஃப் பிடித்தால் இன்னொன்று: உறுப்பினர் இறந்துபோனால், நிரந்தரமாக முழுமையான மாற்றுத்திறன் உள்ள மகனுக்கோ மகளுக்கோ வயதைப் பார்க்காமல் மாத ஓய்வூதியம் உண்டு. "எனக்கப்புறம் இவளுக்கு யாரு?" என்று கேட்காத தாய் கிடையாது. அந்தக் கேள்விக்கு இருக்கும் சில பதில்களில் இது ஒன்று, நியமனப் படிவத்தில் அந்தப் பிள்ளையின் பெயர் இருக்கிறதா என்று இன்றே பார்க்கச் சொல்லலாம்.

பிள்ளைக்கு 18 முடிந்தால் சட்டப்படி பெற்றோர் தாமாகவே பாதுகாவலர் அல்ல. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ், ஆட்சியர் தலைமையிலான குழுவிடம் பாதுகாவலர் சான்று வாங்க வேண்டும். பிளஸ் டூ ஆசிரியர்கள் மாற்றுச் சான்றிதழ் கொடுக்கும் நாளிலேயே இதைச் சொல்லிவிடலாம்.

நான் செய்வது ஒரு நாற்பது பக்க நோட்டு, அவ்வளவுதான். பிள்ளைக்கு ஒரு பக்கம். சான்றிதழ் முடியும் தேதி, ஆதார் புதுப்பிக்கும் தேதி, வங்கிக் கணக்கு நடப்பில் உள்ளதா, வாழ்நாள் சான்று கொடுத்தாயிற்றா, பெற்றோருக்கு வார விடுமுறை என்றைக்கு. கடைசிக் குறிப்பு முக்கியம். அந்த நாளில்தான் அவர்களால் வர முடியும். பிள்ளை வேறு பள்ளிக்குப் போனால் அந்தப் பக்கத்தின் நகலை மாற்றுச் சான்றிதழோடு இணைத்து அனுப்புகிறேன்.

அந்த மாணவியின் சான்றிதழ் வட்டார வள மைய மருத்துவ முகாம் வழியாகப் புதுப்பிக்கப்பட்டது. உதவித்தொகை மீண்டும் வருகிறது. நின்றிருந்த மாதங்களுக்கான பணத்துக்கு அவள் அம்மா மனு கொடுத்திருக்கிறார். இன்னும் பதில் வரவில்லை. இந்த ஆண்டு முகாம் தேதியைச் சிறப்புப் பயிற்றுநர் கொண்டுவந்திருக்கிறார். தேநீருக்குப் போகும் முன் எழுதிக்கொள்ளுங்கள்.