உறையாத எண்ணெய்



திருவனந்தபுரத்து வலியசாலையில் குடியிருக்கும் தமிழர்களாகிய நாம் மார்கழிதோறும் காணும் காட்சி ஒன்று உண்டு. விடியலில் தேங்காயெண்ணெய்ப் புட்டியைக் கவிழ்த்தால் ஒரு சொட்டும் விழாது. வெந்நீரில் சிறிது நேரம் நிறுத்திய பின்னரே எண்ணெய் இளகும். ஒரு புட்டிக்கே இப்பாடென்றால், நெடுந்தொலைவு செல்லும் குழாய் முழுதும் எண்ணெய் உறைந்துவிட்டால் என் செய்வது?

ராஜஸ்தானத்துப் பார்மர் மாவட்டத்தில் இவ்வினா மெய்யாகவே எழுந்தது. அங்கே பாலை நிலத்தின் அடியில் 2004ஆம் ஆண்டு மங்களா எண்ணெய் வயல் கண்டறியப்பட்டது. 2009இல் எண்ணெய் எடுக்கத் தொடங்கினர். அக்கச்சா எண்ணெயில் மெழுகு மிகுதி. 40 டிகிரி செல்சியஸ் அளவுக்கு ஆறினாலே அது உறையத் தொடங்கிவிடும். அதனைக் கடற்கரைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

ஆகவே வெப்பமூட்டும் குழாய் ஒன்றை அமைத்தனர். பார்மரிலிருந்து துவாரகை மாவட்டத்துப் போகத் கடற்கரை வரை அதன் நீளம் ஏறத்தாழ 670 கிலோமீட்டர். எண்ணெய்க் குழாயை ஒட்டிச் சிறு குழாய் ஒன்று செல்கிறது. அதனுள் ஓடும் மின்சாரம் வெப்பமாக மாறி எண்ணெயை 65 டிகிரி சூட்டில் காக்கிறது. வெப்பம் வெளியேறாதபடி குழாயைச் சுற்றிக் காப்புறையும் உண்டு. வழிநெடுக உள்ள நிலையங்கள் இம்மின்சாரத்தை ஊட்டுகின்றன.

மின்சாரத்தால் மட்டும் இக்காரியம் நிறைவேறிவிடவில்லை. குழாய் உழவர்களின் நிலத்தினூடே செல்கிறது. 1962ஆம் ஆண்டுச் சட்டப்படி நிலத்தின் உடைமை உழவருக்கே உரியது. பயன்படுத்தும் உரிமை மட்டும் குழாய்க்குச் செல்லும். அந்நிலத்தில் பயிரிடலாம், ஆயின் வீடு கட்டவோ, கிணறு தோண்டவோ, மரம் நடவோ இயலாது. 2021இல் திறக்கப்பட்ட கொச்சி–மங்களூர் எரிவாயுக் குழாயின் வழியில் நிலமுடையோர் பலர் எழுப்பிய மறுப்பை நம் கேரளத்தார் அறிவர். ஒருமுறை பெறும் இழப்பீடு, தலைமுறை தலைமுறையாக நீளும் இத்தடைக்கு ஈடாகுமா என்பதே அவர்தம் கேள்வி.

நம் நாட்டுக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அயல்நாடுகளிலிருந்தே வருகிறது. ஆதலால் உள்நாட்டில் ஊறும் ஒவ்வொரு பீப்பாயும் அருமையானதே. அவ்வருமையின் விலையில் ஒரு பங்கினை உழவரும் செலுத்துகின்றனர். எண்ணெய் உறையாதிருக்க இரவும் பகலும் விழித்திருக்கும் நாடு, அவர்தம் முறையீட்டுக்கும் செவிசாய்த்தல் வேண்டும்.