பார்த்துவிட்டு இறங்கிய பிள்ளை

 

குறுக்கே ஓடும் வாகனத்தைக் கண் எளிதில் கண்டுகொள்ளும். விழித்திரையில் அதன் பிம்பம் இடம் மாறுகின்றது. நேரே நம்மை நோக்கி வருவதோ இடம் மாறுவதில்லை, பருமனில் மாத்திரம் பெருக்கின்றது. அப்பெருக்கத்தைக் கொண்டே அது நெருங்குவதை மூளை உணர்கின்றது. தொலைவில் அப்பெருக்கம் மிக அற்பம். அதிவேக வாகனமோ, நம்மை அடையச் சில விநாடிகளே இருக்கும்போதும் தொலைவிலேயே இருக்கும். ஆகவே அது அசையாதது போன்று தோன்றுகின்றது! இலண்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, மணிக்கு 20 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் வரும் வாகனம் நெருங்குவதை ஆரம்ப வகுப்புச் சிறார்களால் உறுதியாக உணர முடிவதில்லை. கவனமற்ற பிள்ளை என்று ஏசுகின்றோம். அதுவோ பார்த்துவிட்டுத்தான் வீதியில் இறங்கியது. மத்ரஸா விடும் நேரத்தில் மோட்டார் சைக்கிளில் பறக்கும் சகோதரரே, அப்பிள்ளையின் கண்ணுக்கு நீங்கள் தூரத்தில் நின்றுகொண்டிருக்கின்றீர்கள்.