மஞ்சள் கடுதாசியும் வைப்பு நிதியும்

 

கடன் முற்றித் திவால் மனு கொடுப்பவரை ‘மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார்’ என்பர். திண்டிவனத்திற்கும் சென்னைக்கும் வேலைக்குச் செல்லும் நம்மவர் பலருக்கு வருங்கால வைப்பு நிதி ஒன்றே சேமிப்பு. மனு கொடுத்தபின் மிரட்டலுக்கு அஞ்சி அதனை எடுத்து வட்டிக்காரரிடம் நீட்ட வேண்டியதில்லை. 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, கணக்கிலுள்ள அத்தொகையை நீதிமன்றம் ஜப்தி செய்வதையும், திவால் வழக்கின் ரிசீவர் உரிமை கோருவதையும் தடுத்தது. சீட்டுக் கம்பெனி ஒன்று அரசு ஊழியரின் சேமநிதியைக் கேட்டு நின்ற வழக்கில், ஊழியரின் கைக்கு வந்து சேரும்வரை அதற்குக் காப்பு உண்டென 1976இல் உச்ச நீதிமன்றம் கூறியது. எடுத்துப் பிற பணத்தோடு கலந்துவிட்டால், பின்னர் பிரித்துக் காட்டுவது கடினம். எடுக்குமுன் வழக்கறிஞரைக் கேளுங்கள்.

அதனால் கடன் தீர்ந்ததாகுமா? பழ வியாபாரத்தில் நட்டமடைந்த ஒருவருக்குத் தர்மம் செய்யுமாறு நபி (ஸல்) அவர்கள் மக்களிடம் கூறினார்கள். திரண்டது கடனுக்குப் போதவில்லை. கிடைத்ததைப் பெற்றுக்கொள்ளுமாறு கடன் கொடுத்தோருக்குச் சொன்னார்கள். எஞ்சியது வசதி வரும்வரை பொறுப்பில் நிற்கும் என்பதே இமாம்களின் பெரும்பான்மைக் கருத்து. ஓய்வுபெற்றுப் பணம் கைக்கு வரும் நாளில், குடும்பத்தின் உணவுக்கும் மருந்துக்கும் ஒதுக்கியபின், வட்டியின்றிக் கைமாற்று தந்த நம் மஹல்லாவாசிகளை முதலில் தேடிச் செல்லுங்கள். அவர்களுள் சிலர் வெட்கத்தால் கேட்பதே இல்லை.