வெள்ளோட்டம்

புதுத் தேர் செய்து முடித்ததும் அதனை வெள்ளோட்டம் விடுவது நம் ஊர் வழக்கம். சக்கரம் உருளுகின்றதா, அச்சு தாங்குகின்றதா, தெருமுனையில் தேர் திரும்புகின்றதா என்று அன்று பார்ப்பார்கள். உற்சவ மூர்த்தி மட்டும் அன்று தேரில் எழுந்தருளுவதில்லை. கணினி மென்பொருள் செய்வோரும் இன்று இத்தகைய வெள்ளோட்டம் விடுகின்றனர். அதனை நாம் எவ்வாறு ஏற்பது என்பதே இன்றைய பேச்சு.

ஒரு வசதியை நிலையாக வழங்கிவிட்டால், செய்தவர் பொறுப்பு அன்றோடு தீர்வதில்லை. மென்பொருள் மாறுந்தோறும் அதனைச் சரிபார்த்தல் வேண்டும். பழுது நீக்குதல் வேண்டும். கேட்போர்க்கு விடை கூறுதல் வேண்டும். ஒவ்வொரு புது எண்ணத்துக்கும் பல்லாண்டுப் பொறுப்பேற்பதாயின், பல எண்ணங்கள் ஏட்டிலேயே நின்றுவிடும். ஆதலின், ‘இது சோதனை, நாளை இல்லாமலும் போகலாம்’ என்று முன்கூட்டியே சொல்லித் தருகின்றனர்.

2008 ஜூன் மாதம் ஜிமெயிலில் ‘லேப்ஸ்’ என்னும் பெயரால் 13 சோதனை வசதிகள் வெளிவந்தன. இவை மாறலாம், பழுதாகலாம், மறையலாம் என்ற எச்சரிக்கையும் உடன் இருந்தது. விரும்பியவர் இயக்கலாம், வேண்டாதவர் நிறுத்தலாம். இம்முறையில் வந்தவற்றுள் சில தேறின. கோப்பினை இணைக்க மறந்தவர்க்கு நினைவூட்டும் வசதி 2010 பிப்ரவரியில் நிலைபெற்றது. சற்று ஓய்வு கொள்ளுமாறு 15 நிமிடம் திரையை மூடிவைக்கும் வசதியோ அதே மாதம் நீக்கப்பெற்றது. அனுப்பிய கடிதத்தைச் சில நொடிகள் நிறுத்திவைத்து, மனம் மாறினால் மீட்டுத் தரும் வசதி 2009 மார்ச்சில் சோதனைக்கு வந்து, 2015 ஜூனில்தான் நிலைபெற்றது. சோதனை இன்றேல் இதன் அருமை எவர்க்குத் தெரிந்திருக்கும்?

எனினும் நாம் ஒருமுறை தவறினோம். தில்லியில் மொழிபெயர்ப்புப் பணிக்கென, ஒரு மென்பொருளின் சோதனைக் குறிப்பேட்டில் கலைச்சொற்களைத் தொகுத்து வந்தோம். எச்சரிக்கையைப் படித்தோம், பொருட்படுத்தவில்லை. ஒரு திங்கட்கிழமை காலை குறிப்பேட்டைக் காணோம்! இரண்டாண்டு உழைப்பு போயிற்று. தேடியபோது, ‘ஒரு மாதத்துக்குள் படியெடுத்துக் கொள்க’ என்ற அறிவிப்பு திறவாத கடிதங்களுக்கிடையே கிடந்தது. குறை யாருடையது? முன்னறிவிப்பும், நம் பொருளை எடுத்துச் செல்லும் வழியும் தருவது செய்தவர் கடமை. அதை அவர் செய்திருந்தார். படியெடுப்பது நம் கடமை. அதை நாம் செய்யவில்லை.

வெளிமாநிலங்களில் வாழும் நம்மில் பலர்க்கு, ஊரிலுள்ள பெற்றோர் குரலும் குடும்பப் புகைப்படமும் கணினியிலும் கைப்பேசியிலுமே உள்ளன. இழந்தால் மீளாதவை அவை. புதியதை அஞ்சி ஒதுக்க வேண்டியதில்லை. வெள்ளோட்டத்துக்கு மகிழ்ந்து வடம் பிடிப்போம். கண்ட குறையை எடுத்துரைப்போம். ஆனால் மூர்த்தியை, தேர் தேறிய பின்னரே ஏற்றுவோம்.