பிழை விட்டால் அதே மூச்சில் திருத்துங்கள்

(பிரித்தானியாவில் மாலை நேர ஆங்கில வகுப்பு ஒன்றின் ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



"எனக்கு இங்கிலீசு விளங்கும், கதைக்கத்தான் வராது." இதைச் சொல்லாத வீடு எங்கடை சனத்திலே குறைவு. உண்மையில் கதைக்க வராமல் இல்லை. பிழை விட்டால் சிரிப்பார்களோ என்ற பயம். அந்தப் பயத்தைப் பற்றித்தான் இன்றைக்குச் சில வார்த்தை சொல்ல வந்தேன்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆங்கிலேயரும் பிழை விடுகிறார்கள். பஸ்ஸிலே பக்கத்தில் இருப்பவர் ரெலிபோனில் கதைப்பதைக் காது கொடுத்துக் கேளுங்கள். "செவ்வாய்க்கிழமை வாறன், இல்லை, சொறி, புதன்கிழமை" என்று அவரும் நடுவிலே நின்று திருத்துவார். 1977ஆம் ஆண்டு ஷெக்லொஃப், ஜெஃபர்சன், சாக்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் இதைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பேச்சிலே பிழை வந்தால் மற்றவர் திருத்துவதை விட, சொன்னவரே திருத்துவதுதான் வழமை என்று அதிலே காட்டினார்கள். ஆகவே "சொறி, ஐ மீன்" என்று நிறுத்தித் திருத்துவது மொழி தெரியாதவனின் அடையாளம் அல்ல. மொழி தெரிந்தவர்கள் செய்கிற வேலைதான் அது.

சரி, எந்தப் பிழையைத் திருத்துவது? எல்லாவற்றையும் பிடிக்கப் போனால் வாய் திறக்கேலாது. கருத்தை மாற்றுகிற பிழைகளை மட்டும் பிடியுங்கள். மூன்று சொல்கிறேன்.

முதலாவது, ஓம், இல்லை. சத்திரசிகிச்சைக்கு முதல் தாதி வந்து "இரவு முதல் ஒன்றும் சாப்பிடவில்லைத்தானே?" என்று ஆங்கிலத்தில் கேட்கிறா. நாங்கள் மனதுக்குள் "ஓம், சாப்பிடேல்லை" என்று நினைத்துக்கொண்டு "யெஸ்" என்று சொல்லிப்போடுவோம். ஆங்கிலக் காதுக்கு அது "சாப்பிட்டேன்" என்றும் கேட்கலாம். அந்த இடத்தில் தனி "யெஸ்" வேண்டாம். "நோ, ஐ ஹாவின்ட் ஈற்றன்" என்று முழு வசனமாகச் சொல்லுங்கள்.

இரண்டாவது, ஓசை. தமிழில் எழுதினால் கட்டணச் சீட்டும் "பில்", மாத்திரையும் "பில்". எங்கள் எழுத்திலே வேறுபாடு இல்லை, ஆகவே நாக்கிலும் வருவது கடினம். கேட்பவர் முழிக்கிறார் என்று கண்டால் அதே சொல்லையே உரக்கச் சொல்வதில் பயனில்லை. "ரப்ளெட்" என்று வேறு சொல்லைப் போடுங்கள். அதுவும் திருத்தம்தான்.

மூன்றாவது, காலம். இந்தத் தவணை வகுப்பிலே கோப்பிச் சந்தையைப் பற்றிய பாடம் வாசித்தோம். "இங்கிலீசு படிக்க வந்த எங்களுக்குக் கோப்பி என்னத்துக்கு?" என்று சிலர் கேட்டீர்கள். மலையகத் தமிழரின் முன்னோர் இலங்கைத் தோட்டங்களுக்கு முதலில் வந்தது தேயிலைக்கு அல்ல, கோப்பிக்குத்தான். 1869இல் இலைத்துரு நோய் வந்து கோப்பி அழிந்த பிறகுதான் தேயிலை பரவியது. எங்கடை கதையும் அதற்குள்ளே இருக்கிறது.

பாடத்தின் சாரம் இதுதான். 1962இல் சர்வதேச கோப்பி உடன்படிக்கை உருவானது. எந்த நாடு எவ்வளவு ஏற்றுமதி செய்யலாம் என்று பங்கு வைத்து, விலை விழாமல் பார்த்தார்கள். அதை நடத்திய சர்வதேச கோப்பி நிறுவனம் இதே லண்டனில்தான் அமைந்தது. 1989 யூலையில் பங்கு முறை முறிந்தது, விலையும் விழுந்தது. இதைத் திருப்பிச் சொல்லும்போதுதான் "ஃபோல்" என்பதா "ஃபெல்" என்பதா என்று வகுப்பே திண்டாடியது. "ஃபோல்" என்றால் விழுகிறது, "ஃபெல்" என்றால் விழுந்தது. கோப்பியிலே இது சின்ன விசயம். ஆனால் "வீட்டுக்கு வந்தார்கள்" என்பதை "வருகிறார்கள்" என்று அகதி விசாரணையில் சொன்னால், ஒருநாள் நடந்ததா, அடிக்கடி நடப்பதா என்று பொருளே மாறிவிடும்.

அந்தப் பாடத்தில் இன்னொரு படிப்பினையும் உண்டு. பங்கு முறை போன பிறகு, சந்தை தன்னைத் தானே திருத்தும் என்றார்கள். 1990களில் பல ஆபிரிக்க நாடுகள் அரசாங்கக் கொள்வனவுச் சபைகளின் தனியுரிமையை நீக்கின. உகண்டாவில் ஏற்றுமதி விலையில் விவசாயியின் பங்கு கூடியது. ஆனால் உலக விலை அவன் கையில் இல்லை. கோப்பி மரம் காய்க்க மூன்று நான்கு வருடம் செல்லும். 1994இல் பிரேசிலில் உறைபனி விழுந்து விலை ஏறியது. வியட்நாமிலும் மற்ற இடங்களிலும் நட்ட மரங்கள் காய்த்து நிறைந்தபோது சந்தையில் கோப்பி மிஞ்சியது. 2001இல் ஒரு இறாத்தல் 50 அமெரிக்கச் சதத்துக்கும் கீழே போனது. சந்தை திருந்தியதுதான், ஆனால் பிந்தித் திருந்தியது. பிந்தியதற்கு விலை கொடுத்தவன் தோட்டக்காரன். பேச்சும் அப்படித்தான். அதே மூச்சிலே திருத்தினால் ஒரு செலவும் இல்லை. தாளிலே ஏறிவிட்டால் சங்கடம்.

ஆகவே விசாரணையிலே பிழை சொன்னதாகத் தெரிந்தால் அந்த இடத்திலேயே "திருத்த விரும்புகிறேன்" என்று சொல்லுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு தெரிந்தால், தாமதிக்காமல் உங்கள் வழக்கறிஞர் மூலம் எழுத்திலே அறிவியுங்கள். இப்படியான இடங்களில் உங்கள் ஆங்கிலத்தைப் பரீட்சை பார்க்க வேண்டாம், மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். ஆஸ்பத்திரியிலும் கேட்கலாம், அதற்குக் காசு இல்லை. பத்து வயதுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டுபோய் அம்மாவின் நோயைச் சொல்ல வைக்காதீர்கள்.

கடைசியாகப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. அம்மா பிழையாகச் சொன்னவுடன் பாய்ந்து திருத்தாதீர்கள். கனடாவில் பிரெஞ்சு மொழிவழி வகுப்புகளை ஆராய்ந்து லிஸ்டர், ரன்டா என்ற இருவர் 1997இல் எழுதினார்கள். ஆசிரியர் சரியான வசனத்தைத் தானே சொல்லிக் கொடுத்தால் மாணவர் பெரும்பாலும் அதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். "என்ன சொன்னீர்?" என்று கேட்டு இடம் கொடுத்தால் தாங்களே திருத்துகிறார்கள் என்று கண்டார்கள். அம்மாவுக்கும் அந்த இடத்தைக் கொடுங்கள்.

பெற்றோரே, உங்களுக்கும் இதே நியாயம். பிள்ளை தமிழிலே "நான் வந்தது" என்று சொன்னால் சிரிக்க வேண்டாம். கொஞ்சம் பொறுங்கள், அது "வந்தனான்" என்று தானே திருத்தும். சிரித்தால், அடுத்த முறை ஆங்கிலத்திலேதான் பதில் வரும்.

இந்தப் புத்தாண்டிலே வாயைத் திறப்போம். பிழை வரட்டும், திருத்துவோம்.